உப்பு எப்போது போட வேண்டும்? சொந்தமாக வெளியிடும் சமையல் புத்தகங்களும் எடிட்டிங்கும்

என் அத்தை தன் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக்க வேண்டும் என்று நாலு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். கோடு போட்ட நோட்டில் நீல மையில் எழுதிய நூற்றுப் பத்து குறிப்புகள். அவர் மகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, "நீதான் பிழை பார்த்துத் தரணும்" என்று எனக்கு அனுப்பினாள். நான் வேலையை அடுப்படியில் ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது சுண்டைக்காய் வத்தக்குழம்பு. தாளில் இருப்பதை மட்டும், இருக்கிற வரிசையில், அப்படியே செய்தேன். புளித்தண்ணீர் கொதித்தது, மணந்தது, சுண்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பே இல்லை. தாளைத் திரும்பப் பார்த்தேன். பொருள் பட்டியலில் 'உப்பு: தேவையான அளவு' என்று இருக்கிறது. செய்முறையில் ஒரு வரியில்கூட உப்பு இல்லை.

போனில் கேட்டேன். "புளி கரைக்கும்போதே போட்டுருவோமே, அதையெல்லாமா எழுதணும்?" என்றார் அத்தை.

அதைத்தான் எழுத வேண்டும். சொந்தச் செலவில் வரும் சமையல் புத்தகங்களைப் பற்றிப் பேசினால் பலரும் அட்டையைக் குறை சொல்வார்கள், மங்கலான படங்களைச் சொல்வார்கள், எழுத்துப் பிழைகளைச் சொல்வார்கள். அவையும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரையில் பெரிய குறை வேறு. எழுதினவருக்கு அந்தப் பதார்த்தம் கைப்பழக்கம். தாளில் விட்டுப்போனதை அவர் கை தானாகவே நிரப்பிவிடும். அதனால் பத்து முறை படித்தாலும் ஓட்டை அவர் கண்ணில் படாது. பிழை திருத்திக் கொடுக்கும் நண்பரும் படிக்கத்தான் செய்கிறார், சமைத்துப் பார்ப்பதில்லை. வேறொருவர் அந்தத் தாளை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சமைக்கும்வரை அந்தப் புத்தகம் எடிட் செய்யப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பெரிய பதிப்பகங்களில் இந்த வேலையைப் பலர் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் புத்தகத்தின் அமைப்பைப் பார்ப்பார், ஒருவர் வரி வரியாகத் திருத்துவார், ஒருவர் மெய்ப்பு பார்ப்பார், சில இடங்களில் குறிப்புகளைச் சமைத்துப் பார்க்கவே ஆள் உண்டு. அப்படியும் தப்பு வந்துவிடும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் பெங்குவின் வெளியிட்ட ஒரு பாஸ்தா புத்தகத்தில், புதிதாகப் பொடித்த கருமிளகு என்று வர வேண்டிய இடத்தில் மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' என்ற ஆங்கிலச் சொல், மனிதர்களைக் குறிக்கும் 'பீப்பிள்' என்று மாறி அச்சாகிவிட்டது. புண்படுத்தும் பொருள் வந்துவிட்டதால் கிடங்கிலிருந்த சுமார் 7,000 பிரதிகளையும் அழித்தார்கள். ஆங்கிலத்தில் அவை இரண்டுமே சரியான சொற்கள். கணினியின் பிழை திருத்தி எழுத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

சொந்த வெளியீடு என்றாலே தரம் குறைந்தது என்று நினைப்பவர்களுக்கு மூன்று பெண்களை நினைவூட்ட வேண்டும். பாஸ்டன் சமையல் பள்ளியின் முதல்வராக இருந்த ஃபேனி ஃபார்மர் 1896-ல் தன் புத்தகத்தைக் கொடுத்தபோது, பதிப்பகத்துக்கு அது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. முதல் 3,000 பிரதிகளின் செலவை அவரே ஏற்க வேண்டியிருந்தது. அதுவரை அமெரிக்கக் குறிப்புகளில் சாதாரணமாக இருந்த 'கோபுரமாக ஒரு கரண்டி', 'முட்டை அளவு வெண்ணெய்' போன்ற கணக்குகளை விட்டுவிட்டு, கரண்டியையும் கோப்பையையும் கத்தி முதுகால் வழித்துச் சமமாக அளக்கச் சொன்னார் அவர். இன்று நாம் 'ஒரு டீஸ்பூன்' என்று எழுதும்போது தலை தட்டிய டீஸ்பூன் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்தவர் செயின்ட் லூயிஸ் நகரத்து இர்மா ராம்பவர். 1930-ல் கணவர் இறந்தபின், கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு 1931-ல் 'தி ஜாய் ஆஃப் குக்கிங்' என்ற சமையல் புத்தகத்தை 3,000 பிரதிகள் அச்சிட்டார். அச்சிட்டுக் கொடுத்த நிறுவனத்துக்கு லேபிள் அடிப்பதுதான் வழக்கமான தொழில். அட்டைப்படம் மகள் மரியான் செய்தது. இர்மா பெரிய சமையல்காரர் இல்லை. தோழிகளிடமும் உறவினர்களிடமும் குறிப்புகளை வாங்கித் தொகுத்தவர். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்து வந்த ஐந்து வருடங்கள்தான். முதல் பதிப்போடு அவர் நிறுத்தவில்லை. திருத்திக்கொண்டே இருந்தார். 1936-ல் ஒரு வணிகப் பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டபோது குறிப்பின் வடிவமே மாறியிருந்தது. மேலே நீளப் பட்டியல், கீழே தனியாகச் செய்முறை என்ற முறை போய், ஒவ்வொரு பொருளும் அது சட்டியில் விழும் இடத்திலேயே அளவோடு, தடித்த எழுத்தில் நின்றது. அந்த வடிவத்தில் என் அத்தையின் குழம்பை எழுதினால் இப்படி வரும்: 'இரண்டு கப் தண்ணீரில் 30 கிராம் புளி, ஒன்றரை டீஸ்பூன் கல் உப்பு இரண்டையும் போட்டு 15 நிமிடம் ஊறவைத்துக் கரைக்கவும்.' இப்படி எழுத உட்கார்ந்தால் உப்பு காணாமல் போகவே முடியாது. அந்தப் புத்தகம் பின்னாளில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மூன்றாவது பெயர் நம் வீடுகளில் தெரிந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' நூலைத் தானே வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவரிடம் சமையல் யோசனை கேட்டுக் கடிதம் எழுதும் உறவுக்காரப் பெண்கள் இருந்தார்கள். இதைப் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று சொன்னவர் உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்தப் பின்னணி புத்தகத்தின் நடையில் தெரியும். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாத ஒரு பெண், எதையும் கேட்க ஆளில்லாத அடுப்படியில் நிற்கிறாள் என்று நினைத்து எழுதிய நடை அது. 'எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், அடுத்து என்ன' என்று அவள் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆழாக்கு, பலம் போன்ற அளவுகள் அன்று எல்லாருக்கும் தெரிந்தவை, இன்று பலருக்குத் தெரியாதவை. 1958 அக்டோபரில் தொடங்கி மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்டன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று தெரிந்தாலும், அந்தப் படியே ஊருக்கு ஊர் கூடிக் குறைந்தது. நல்ல எழுத்துக்கும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு எடிட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய மின்னூல்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'ஒரு கப்' என்பது அமெரிக்காவில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. நம் வீட்டில் அது காபி டம்ளர். டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அம்மாவின் குறிப்பு, அமெரிக்காவிலிருக்கும் தங்கையின் குறிப்பு, சிட்னி தோழியின் குறிப்பு என்று மூன்று கைகளிலிருந்து தொகுத்த புத்தகத்தில் ஒரே 'கப்' மூன்று அளவாக இருக்கும். குழம்பு ரசத்தில் பாதகமில்லை, வாயில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கேக்கிலும் மைசூர்பாகிலும் முடியாது. மைதாவைத் தளர்வாகப் போட்டால் ஒரு கப் 120 கிராம் போல வரும், அமுக்கிப் போட்டால் 150-ஐத் தொடும். முதல் பக்கத்தில் 'இந்தப் புத்தகத்தில் ஒரு கப் என்றால் 240 மில்லி' என்று ஒரு வரி, இனிப்பு வகைகளுக்குக் கிராம் கணக்கு, இவ்வளவு போதும்.

டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்பதை 'டீ', 'டே' என்றோ 'தே.க.', 'மே.க.' என்றோ சுருக்கி எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தட்டச்சில் ஒரு எழுத்து மாறினால் உப்பு மூன்று மடங்காகிவிடும். காகிதம் மிச்சம் என்பது ஒரு காலத்துக் காரணம். மின்னூலில் அதுவும் கிடையாது.

எழுத்துரு மாற்றத்தில் வரும் சேதம் ஒன்றும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது சாய்கோடு ஆய்த எழுத்தாகிவிடும், ஏனென்றால் பாமினியில் அந்த விசைதான் ஃ. ஆக '1/2 கப் தேங்காய்' என்பது '1ஃ2 கப் தேங்காய்' என்று வந்து நிற்கும். ஈழத்து எழுத்துகளில் இதை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அந்த ஆய்தத்தையும் யாராவது பிழை என்று அழித்துவிட்டால் மிஞ்சுவது '12 கப்'. பின்னங்களை 'அரை', 'கால்', 'முக்கால்' என்று எழுத்தால் எழுதிவிடுங்கள். நம் மொழியில் அதற்குச் சின்னச் சின்னச் சொற்கள் தயாராகவே இருக்கின்றன.

சரி, எழுத்துப் பிழைகளுக்கு வருவோம். சமையல் தமிழில் ர-ற, ல-ள-ழ பிழைகள் பொருளையே மாற்றும். குழம்பு 'குளம்பு' ஆனால் அது மாட்டின் காலில் இருப்பது. கறி 'கரி' ஆனால் அடுப்பில் எரிவது. வறுத்து என்பதை 'வருத்து' என்று எழுதினால் துன்பப்படுத்து என்று பொருள். அப்பளத்தைப் பொரிக்க வேண்டும், 'பொறிக்க' என்றால் கல்வெட்டு. பருப்பு ஊற வேண்டும், 'ஊர' என்றால் எறும்பு. இவற்றைக் கணினி பிடிக்காது, ஏனென்றால் எல்லாமே அகராதியில் இருக்கும் சொற்கள். 'அரை'க்கு மட்டும் சரியாக எழுதினாலும் சிக்கல் உண்டு. 'அரை தேங்காய்' என்றால் பாதித் தேங்காயா, தேங்காயை அரைக்கச் சொல்கிறார்களா? 'பாதித் தேங்காய்', 'தேங்காயை விழுதாக அரைக்கவும்' என்று எழுதிவிட்டால் தடுமாற்றமில்லை. இந்தப் பிழைகளுக்காக எழுதினவரை யாரும் கேவலமாகப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அறுபது வயதில் முதல்முறையாக ஒரு புத்தகம் எழுதத் துணிந்தவருக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சொல் சரியாக இருந்தும் வாசகர் தவறாகச் சமைக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஊர் வழக்கு. யாழ்ப்பாணத்தில் 'உள்ளி' என்றால் பூண்டு, கன்னியாகுமரிப் பக்கம் உள்ளி என்றால் வெங்காயம். இலங்கையில் 'கோதுமை மா' என்று கடையில் கேட்டால் மைதா போன்ற வெள்ளை மாவு வரும், முழுக் கோதுமைக்கு 'ஆட்டா மா' என்று கேட்க வேண்டும். அங்கே வெறும் 'பருப்பு' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மைசூர்ப் பருப்பு, தமிழ்நாட்டில் சாம்பாருக்குப் பருப்பு என்றால் துவரை. 'மல்லி' என்று மட்டும் எழுதினால் விதையா தழையா என்று தெரியாது. மின்னூலுக்கு எல்லை கிடையாது. டொரன்டோவிலும் திருநெல்வேலியிலும் ஒரே நாளில் ஒருவர் அதை வாங்கலாம். அதற்காக ஊர்ச் சொல்லை எடுத்துவிட்டுப் பொதுச் சொல் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். செத்தல் மிளகாய், தேசிக்காய் என்ற சொற்கள் இல்லாத யாழ்ப்பாணச் சமையல் புத்தகத்துக்கு வாசனையே இருக்காது. அந்தச் சொற்கள் அங்கேயே இருக்கட்டும், முதல்முறை வரும் இடத்தில் 'தேசிக்காய், அதாவது எலுமிச்சை' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும்.

ஆப்ப சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்று என்று நினைத்து எழுதுவது இதைவிட மோசம். பவுடர் என்பது சோடாவோடு அமிலப் பொருளும் மாவுச்சத்தும் கலந்தது, அதன் வீரியம் சோடாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு டீஸ்பூன் பவுடர் போட வேண்டிய கேக்கில் இரண்டு டீஸ்பூன் சோடா போனால் அது சோப்பு போலக் கசக்கும்.

கேக் கெட்டால் ஒரு மாலை போச்சு, அவ்வளவுதான். உடம்பைக் கெடுக்கும் குறிப்புகளும் இருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். ஆனாலும் 'ஆறு மாதக் குழந்தைக்குத் தேன் கலந்த கேழ்வரகுக் கூழ்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ராஜ்மாவைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டிலேயே வைத்துவிட்டால் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியாது, வாந்தி பேதி வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். எழுதினவர் வீட்டில் எப்போதும் பிரஷர் குக்கர் என்பதால் இது அவர் நினைவுக்கே வராது. வாசகரிடம் என்ன பாத்திரம் இருக்கும் என்று யோசிப்பதும் எடிட்டரின் வேலைதான்.

இனி எழுத்தின் அழகு. 'எழுத்துத் தரம்' என்றதும் அலங்கார வாக்கியங்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'நாவில் எச்சில் ஊறவைக்கும் அருமையான சுவையான' என்று ஆரம்பிக்கும் முன்னுரைகளைத் தாராளமாக வெட்டலாம். சமையல் தமிழின் நிஜமான செல்வம் பதங்கள். பச்சை வாசனை போகும் வரை, எண்ணெய் பிரிந்து வரும் வரை, பூண்டு கரண்டியில் நசுங்கும் பதம், ஒற்றைக் கம்பிப் பதம். ஒவ்வொன்றும் கண்ணையோ மூக்கையோ விரலையோ நம்பிச் சொன்ன அளவு. அதிரசத்துக்கு வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிறோம், மெத்தென்று உருண்டால் சரி. வெப்பமானி வைத்தால் அது ஏறக்குறைய 112-லிருந்து 116 டிகிரி. இன்று பல புத்தகங்களில் இந்தப் பதங்களை எடுத்துவிட்டு 'பத்து நிமிடம் கிளறவும்' என்று போட்டுவிடுகிறார்கள், அது நவீனமாகத் தெரிகிறதாம். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பத்து நிமிடம் என்பது எழுதினவரின் அடுப்புக்கும் அவர் சட்டிக்கும் சேர்ந்த கணக்கு, என் இண்டக்‌ஷன் அடுப்பில் அது ஆறு நிமிடம். நேரமும் வேண்டும், பதமும் வேண்டும்: 'எட்டுப் பத்து நிமிடத்தில் ஓரத்தில் எண்ணெய் பிரியும், அப்போது இறக்கவும்'. பதத்தை வெறும் பெயராக விடாமல் முதல் இடத்திலாவது எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிட்டால், பாட்டியிடம் கற்காதவர்களுக்கும் அது கைவரும்.

எழுத்தில் அக்கறை வேண்டும் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தியாவிலும் கருத்துக்கு உரிமை இல்லை, சொன்ன விதத்துக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. அப்படிப் பார்த்தால் மிளகு ரசத்தின் பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்கள் எழுதிக் காட்டிய வார்த்தைகள்தான் உங்கள் சொத்து. இணையத்திலிருந்து நாலு குறிப்பை எடுத்து ஒட்டினால் அந்தச் சொத்தும் கையில் இருக்காது, கப் அளவும் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரிலிருந்து அதிகாரபூர்வமாக வருகின்றன. அப்புறம் முன்பணம் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. இது மிக நல்ல விஷயம். மின்னூலில் தவறு தெரிந்தால் திருத்திய கோப்பை மறுபடியும் ஏற்றிவிடலாம் என்பது இன்னும் நல்லது. 1931-ல் அப்படி ஒரு வசதி இல்லை. ஆனால் 2023 செப்டம்பரில் அதே தளம், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதிய தலைப்புகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு வைத்தது. மூன்று என்பதே ஒரு வரம்பாகத் தேவைப்படும் வேகத்தில் புத்தகங்கள் குவிகின்றன. அந்தக் குவியலில் வாசகர் தேடுவது, உண்மையிலேயே ஒருவர் சமைத்த குறிப்பு.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் அட்டைக்கும் படத்துக்கும் முன்னால் சாமான் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்பையும் மூன்று பேரிடம் கொடுக்கலாம். ஒருவர் நன்றாகச் சமைப்பவர், ஒருவர் இப்போதுதான் கற்றுக்கொள்பவர், ஒருவர் வேறு ஊர்க்காரர். எழுதினவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, போனிலும் உதவக் கூடாது. தயங்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ருசி எப்படி என்ற கேள்வியைவிட அந்தக் கோடுகள்தான் முக்கியம்.

அத்தையின் வத்தக்குழம்பை இரண்டாவதாகச் சமைத்தவன் ஷார்ஜாவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் என் சித்தி மகன். உப்பு இப்போது சரியாக இருந்தது. அவன் கோடு போட்டது 'வத்தலை நல்லெண்ணெயில் வறுத்து எடுக்கவும்' என்ற வரியில். கரிக்கட்டையான சுண்டைக்காயைப் படம் பிடித்து, "அத்தை, எப்ப எடுக்கணும்னு போடலையே" என்று அனுப்பியிருந்தான். அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துவரச் சொல்லி, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'நல்லெண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் வத்தலைப் போட்டு, கை எடுக்காமல் புரட்டவும். பழுப்பு நிறம் ஏறத் தொடங்கும்போதே வேறு தட்டில் எடுத்துவிடவும். எண்ணெயிலேயே விட்டால், அடுப்பை அணைத்த பிறகும் கருகும்.'